குழலில் தங்கும் கரி

(கடலூரில், இயந்திரவியல் மாணவர்கள் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வாய்வழியாக மருந்தையும் குண்டையும் இட்டு, கம்பியால் கெட்டித்துச் சுடும் ரைபிளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நம் ஊர்க் காட்டோரக் கிராமங்களில் நாட்டுத் துப்பாக்கி என்பார்களே, அதற்கு உறவு. ஆனால் நாட்டுத் துப்பாக்கியின் குழல் உள்ளே வழவழப்பாக இருக்கும்; பெரும்பாலும் ரவை போட்டுச் சுடுவார்கள். ரைபிளின் குழலுக்குள் திருகிக்கொண்டு போகும் காடிகள் வெட்டப்பட்டிருக்கும். அந்தக் காடி குண்டைச் சுழற்றி அனுப்புகிறது. சுழலும் குண்டு, பம்பரம் போலத் தன் அச்சைவிட்டுச் சாயாமல் போகிறது.

நான் ஓஹாயோ மாநிலத்தில் 11 ஆண்டுகள் ஒரு டூல் ரூமில் வேலை பார்த்தவன். அங்கே பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற டை மேக்கர் ஒருவர் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தப் பழைய வகை ரைபிளை எடுத்துக்கொண்டு சுடுதளத்துக்குப் போவார். ஒருநாள் என்னையும் கூட்டிப்போனார். 50 கஜத்தில் ஒரு காகித இலக்கு. நான் சுட்ட முதல் இரண்டு குண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு விழுந்தன. மூன்றாவது ஓர் அங்குலம் விலகியது. நான்காவது இன்னும் மேலே போயிற்று. ஐந்தாவது குண்டைக் குழலுக்குள் இறக்கவே என் உடம்புப் பாரம் முழுவதையும் கம்பியின் மேல் போடவேண்டியிருந்தது. அது இலக்கின் ஓரத்தில் எங்கோ துளையிட்டது. பின்குறியைத் திருத்தலாம் என்று ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். பெரியவர் அதை வாங்கி வைத்துவிட்டு, ஈரத்துணி ஒன்றை என் கையில் கொடுத்தார். துடைத்துவிட்டுச் சுட்டேன். ஆறாவது குண்டு முதல் இரண்டுக்கும் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

ரைபிளில் எந்தக் கோளாறும் இல்லை. என் கை நடுங்கவும் இல்லை. நான் சுட்ட ஐந்து வெடியும் ஐந்து வேறு வேறு குழல்களிலிருந்து போயிருக்கின்றன, அவ்வளவுதான். ஒவ்வொரு வெடியும் குழலைச் சற்று மாற்றிவிட்டுப் போயிருந்தது. அந்த மாற்றத்தைப் பற்றித்தான் இந்த ஒரு மணி நேரமும் பேசப்போகிறேன்.

கரிமருந்து என்பது வெடியுப்பு 75 பங்கு, மரக்கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு. இன்றைய துப்பாக்கிகளில் இருக்கும் புகையில்லா மருந்து ஏறக்குறைய முழுவதும் வாயுவாகிவிடும். கரிமருந்து அப்படி எரிவதில்லை. நோபிள், ஏபல் என்ற இருவர் 1875-இல் வெளியிட்ட ஆய்வில், எரிந்த மருந்தின் எடையில் சுமார் 57 விழுக்காடு திடப்பொருளாகவே மிஞ்சுகிறது என்று கண்டார்கள். நான் போட்டது 70 கிரெய்ன் மருந்து, அதாவது நாலரை கிராம். ஒரு வெடிக்கு இரண்டரை கிராம் கழிவு. பெரும்பகுதி வெண்புகையாக வெளியே போகும். மிச்சம் குழலின் சுவரில் படிந்துவிடும். பொட்டாசியம் கார்பனேட், பொட்டாசியம் சல்பேட், பொட்டாசியம் சல்ஃபைடு, கொஞ்சம் எரியாத கரி. எல்லாம் உப்பு இனம். ஈரக்காற்று உள்ள நாளில் இந்தப் படிவு குழைந்து சேறாக இருக்கும். வறண்ட நாளில் செங்கல் சூளைச் சாம்பல் போல இறுகிவிடும். நேற்று ஐந்து வெடி தாங்கிய குழல் இன்று மூன்றாவதிலேயே முரண்டு பிடிப்பது இதனால்தான்.

இந்தக் கணக்கு குண்டோடு எப்படி மோதுகிறது என்று பாருங்கள். என் ரைபிளின் குழல் விட்டம் அரை அங்குலம், உங்கள் பட்டறைப் பேச்சில் 500 தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 500 பங்கு. ஈயக் குண்டின் விட்டம் 490 தௌ. பக்கத்துக்கு 5 தௌ இடைவெளி. அந்த இடைவெளியில் எண்ணெய்ப் பசை தடவிய, 15 தௌ கனமுள்ள பருத்தித் துணி வில்லை ஒன்று குண்டைச் சுற்றிக்கொண்டு இறங்குகிறது. துணி, காடிகளுக்கு இடையிலுள்ள மேட்டின் மேல் நசுங்கி, காடிக்குள் பிதுங்கி, குண்டையும் குழலையும் பிணைக்கிறது. குண்டு காடியைத் தொடுவதே இல்லை. துணிதான் சுழற்சியைக் கடத்துகிறது. துணி நசுங்கும் அந்த ஒடுங்கிய இடத்தில் 2 தௌ கனத்துக்குக் கரி படிந்தால் பிடி எவ்வளவு மாறும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பிடி மாறினால் அழுத்தம் மாறும், அழுத்தம் மாறினால் வேகம் மாறும், வேகம் மாறினால் குண்டு விழும் உயரம் மாறும்.

இந்த இடத்தில் உங்கள் ஊரோடு தொடர்புள்ள ஒருவரைச் சொல்லியே ஆகவேண்டும். பெஞ்சமின் ராபின்ஸ். 1742-இல் பீரங்கி இயல் பற்றி ஒரு நூல் எழுதினார். பாரமான ஊசல் ஒன்றின் மேல் குண்டைச் சுட்டு, ஊசல் எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்து, குண்டின் வேகத்தைக் கணக்கிட்ட மனிதர். மாபெரும் கணிதர் ஆய்லர் அந்த நூலை ஜெர்மனில் பெயர்த்து, நீண்ட உரையும் எழுதினார். இந்த ராபின்ஸ் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக இங்கே வந்து, 1751 ஜூலையில், தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையில் காய்ச்சலில் இறந்துபோனார். இந்த அரங்கிலிருந்து நடந்து போகும் தூரம். நான் இந்தப் பொருளைக் கடலூரில் பேச ஒப்புக்கொண்டதற்கு அவரும் ஒரு காரணம்.

வழவழப்பான குழலில் போகும் குண்டு ஏன் கண்டபடி வளைந்து போகிறது என்பதற்கு விடை சொன்னவர் அவர். தளர்ந்த குண்டு குழலின் ஏதோ ஒரு பக்கத்தில் உரசிக்கொண்டு வெளியேறும். அந்த உரசல் அதற்கு ஒரு சுழற்சியைக் கொடுக்கும். அந்தச் சுழற்சி காற்றில் அதை வளைக்கும். இதை மெய்ப்பிக்க ஒரு துப்பாக்கிக் குழலின் முனையை இடப்பக்கம் வளைத்தார். குண்டு இடப்பக்கம் கிளம்பி, போகப்போக வலப்பக்கம் வளைந்தது. குழலை வளைத்தவன் இடம்தான் எதிர்பார்ப்பான். காற்று வலத்தைக் கொடுத்தது. குழலின் எந்தப் பக்கத்தை எவ்வளவு தொட்டுவிட்டு வெளியேறுகிறது என்பதே குண்டின் தலையெழுத்து என்று காட்டிய சோதனை அது. பிறகு 1747-இல் காடி வெட்டிய குழலைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை படித்தார். இந்தக் கருவியை முதலில் தேர்ந்து கையாளும் நாட்டின் படைக்கே மேலாதிக்கம் வரும் என்று கணித்தும் சொன்னார்.

அப்படியானால் படைகள் ஏன் நூறு ஆண்டு காத்திருந்தன? கரியினால்தான். பிரிட்டிஷ் சிப்பாயின் பிரவுன் பெஸ் துப்பாக்கியின் வாய் முக்கால் அங்குலம். அதன் குண்டு 0.69 அங்குலம். ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி! வேண்டுமென்றே விட்ட இடைவெளி அது. குழலில் எவ்வளவு கரி படிந்தாலும் குண்டு உள்ளே உருண்டு போய்விடும். போர்க்களத்தில் வேகம் முக்கியம். குறி தப்பும் என்பது அவர்களுக்குத் தெரியும், அதை ஏற்றுக்கொண்டார்கள். இறுக்கமான குண்டு வேண்டுமானால் கரியை அடக்க வழி வேண்டும். 1849-இல் பிரான்சின் மினியே அடிக்குழியுள்ள நீள்குண்டை உருவாக்கினார். இறக்கும்போது தளர்வாக இறங்கும், வெடிக்கும்போது அடி விரிந்து காடியைப் பிடிக்கும். அந்த வழியில் வந்ததுதான் 1853 மாதிரி என்ஃபீல்ட். அதன் வாய் 0.577 அங்குலம், குண்டு அதைவிட நூற்றில் ஒரு பங்கு அங்குலம்தான் சிறியது. இவ்வளவு நெருங்கிய பொருத்தத்தில் உலர்ந்த கரி மேல் குண்டை இறக்கமுடியாது. எனவே குண்டைச் சுற்றிய காகிதத்துக்குக் கொழுப்புப் பூசினார்கள். கொழுப்பு கரியை மிருதுவாக்கும், குண்டு வழுக்கிக்கொண்டு இறங்கும்.

அந்தக் கொழுப்பு எது என்ற கேள்விதான் 1857. தோட்டாவின் முனையைப் பல்லால் கடித்துக் கிழிக்கவேண்டும் என்பது பயிற்சி விதி. பசுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு என்ற செய்தி டம்டம்மில் கிளம்பி, பாரக்பூர் போய், மார்ச் 29 அன்று மங்கள் பாண்டேயின் கையில் வெடித்தது. அந்த ஆண்டின் சிப்பாய் எழுச்சிக்கு நிலமும் வரியும் நாடு பறிப்பும் என ஆழமான காரணங்கள் இருந்தன. நான் வரலாற்றைத் தோட்டாவுக்குள் அடைக்கவில்லை. ஆனால் அந்தக் காகிதத்தில் கொழுப்பு ஏன் இருந்தது என்று பள்ளிப் பாடம் சொல்வதில்லை. குழலில் படியும் கரியைச் சமாளிக்க இருந்தது. இதை மாணவர்கள் தெரிந்துகொள்ளவேண்டும் என்று நான் மிகவும் விரும்புகிறேன்.

இனி கெட்டிக்கும் முறைக்கு வருகிறேன். இன்றைய துப்பாக்கிக்கு ஆலையில் செய்த தோட்டா வருகிறது. வாய்வழி ரைபிளில் சுடுபவனே ஆலை. களத்தில் நின்றுகொண்டு, ஒவ்வொரு முறையும் ஒரு தோட்டாவைக் குழலுக்குள்ளேயே செய்கிறான்.

மருந்தைக் கன அளவால் அளக்கிறோம். நம் வீட்டில் படியால் அரிசி அளந்தவர்களுக்கு இதன் நுட்பம் தெரியும். தட்டி அளந்தால் ஒரு கணக்கு, தட்டாமல் அளந்தால் ஒரு கணக்கு, தலைவழிக்காமல் விட்டால் இன்னொன்று. பெரியவர் அளவுக் குப்பியை நிரப்பி, விரலால் மூன்று முறை தட்டி, மேலே வழிப்பார். எப்போதும் மூன்று முறை. நான்கு தட்டுவதில் தவறில்லை. ஆனால் அப்புறம் எப்போதும் நான்கு தட்டவேண்டும். மருந்தைப் பெரிய குடுக்கையிலிருந்து நேராகக் குழலில் ஊற்றவே கூடாது. முந்தைய வெடியின் கனல் ஏதாவது உள்ளே இருந்தால் குடுக்கையே கையில் வெடிக்கும்.

அடுத்தது குண்டு. வார்த்த குண்டில் வார்ப்புக் காம்பு வெட்டிய தட்டை ஒன்று இருக்கும். அதை எப்போதும் மேல்நோக்கி, குழலின் நடுவில் வைப்பார்கள். கீழே வைத்தாலும் சுடலாம்; ஆனால் கண்ணுக்குத் தெரியும் பக்கத்தில் வைத்தால்தான் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கமுடியும்.

பிறகு கம்பி. குண்டை மருந்தின் மேல் உட்காரவைக்கும் அழுத்தத்தைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் புதியவர்கள் எல்லாரும் தவறுவது இங்கேதான். சிலர் கம்பியை எறிந்து எறிந்து இடிப்பார்கள், அது துள்ளும்வரை. அப்படி இடித்தால் மென்மையான ஈயக் குண்டின் முகம் சப்பையாகும். ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு விதமாகச் சப்பையாகும். மருந்துத் துகள்களும் நொறுங்கும், நொறுங்கிய துகள் வேறு வேகத்தில் எரியும். ஒரே நீள அழுத்தமாக இறக்கி, மருந்தைத் தொட்டதும், ஒரே அளவு பாரம் கொடுத்து நிறுத்தவேண்டும். அந்தப் பாரத்தைக் கைக்குப் பழக்க, எடை பார்க்கும் இயந்திரத்தின் மேல் துப்பாக்கிக் கட்டையை நிறுத்தி, முள்ளைப் பார்த்துக்கொண்டே அழுத்திப் பழகுகிறவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் ஒரு குளிர்காலம் முழுக்கப் பழகினேன். குண்டுக்கும் மருந்துக்கும் நடுவே வெற்றிடம் விட்டுச் சுட்டால் குழல் வீங்கும், வெடிக்கவும் கூடும். அழுத்தம் என்பது குறிக்கான விஷயம் மட்டுமில்லை, உயிருக்கானதும்.

கம்பியில் இரண்டு கோடு போட்டுக்கொள்ளுங்கள் என்பார் பெரியவர். ஒன்று வெறுங்குழலில் கம்பி நிற்கும் இடம், மற்றது சரியாகக் கெட்டித்தபின் நிற்கும் இடம். ஏற்கனவே கெட்டித்த குழலா என்று அந்தக் கோடுகள் காட்டிவிடும். 1863 ஜூலையில் அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் சண்டை முடிந்தபின் களத்திலிருந்து 27,000-க்கும் மேற்பட்ட துப்பாக்கிகளைப் பொறுக்கினார்கள். ஏறக்குறைய 24,000 துப்பாக்கிகளில் மருந்து அப்படியே இருந்தது. அவற்றில் பாதியில் இரண்டு வெடிக்கான மருந்தும் குண்டும். ஒன்றில் 23. போரின் இரைச்சலில் தன் துப்பாக்கி வெடிக்கவில்லை என்பதே தெரியாமல் ஒரு பையன் மேலே மேலே கெட்டித்துக்கொண்டே இருந்திருக்கிறான். அந்த 23-ஐ நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

இப்போது துடைப்பது. நான் முதலில் சுத்தம் என்பதை வேலை முடிந்தபின் செய்வது என்று நினைத்திருந்தேன். இந்த ரைபிளில் துடைப்பது கெட்டிப்பதன் ஒரு பகுதி. ஒவ்வொரு வெடிக்கும் பிறகு, ஈரம் தோய்த்துப் பிழிந்த துணியொன்று. ஒருமுறை அடிவரை, ஒருமுறை வெளியே. பிறகு உலர்துணி ஒன்று. மேலும் கீழுமாகத் தேய்த்தால் கரி அடியில் போய்ச் சேர்ந்து, மருந்துக்குத் தீ செல்லும் தீத்துளையை அடைக்கும். ஈரம் அதிகமானால் அடுத்த மருந்து நனையும். எல்லாருக்கும் பொருந்தும் அளவு இல்லை. ஆனால் முதல் வெடிக்குத் துடைத்த குழல் என்றால் பத்தாவதுக்கும் துடைத்த குழலாக இருக்கவேண்டும். வாய்வழித் துப்பாக்கிகளுக்கான உலகப் போட்டிகளில் 30 நிமிடத்தில் 13 குண்டு சுடலாம். சிறந்த பத்து கணக்கில் வரும். ஒரு வெடிக்கு இரண்டு நிமிடம் சொச்சம். அதற்குள் துடைத்து, அளந்து, கெட்டித்து, குறிபார்க்கவேண்டும். ஆனாலும் பலர் துடைப்பதை விடுவதில்லை.

துடைக்கும் கம்பியே துப்பாக்கிக்கு எதிரியாவதும் உண்டு. குண்டு கடைசியாகத் தொடும் இடம் குழலின் வாய் விளிம்பு. கம்பி அங்கே உரசி உரசி ஒரு பக்கம் தேய்ந்தால், வெடிவாயு அந்தப் பக்கம் முந்திப் பீறி, குண்டைத் தள்ளிவிடும். அமெரிக்காவில் ஆல்வன் கிளார்க் என்பவர் இதற்கு 1840-இல் ஒரு வழிக்குக் காப்புரிமை பெற்றார். குழலின் நுனியில் ஒரு துண்டை வெட்டி, முளைகளால் மறுபடி பொருத்தி, இரண்டையும் சேர்த்தே காடி வெட்டுவது. கெட்டிக்கும்போது அந்தப் பொய்வாயை மாட்டிக்கொள்ள வேண்டும், சுடும்போது கழற்றிவிட வேண்டும். உரசல் முழுவதும் பொய்வாய்க்கு. மெய்வாய் பிறந்தபடியே கூர்மையாக இருக்கும். இந்தக் கிளார்க்தான் பின்னாளில் உலகின் மிகப் பெரிய தொலைநோக்கி வில்லைகளைத் தேய்த்த குடும்பத்தின் தலைவர். 1862-இல் அவர் மகன், அவர்கள் தேய்த்த பதினெட்டரை அங்குல வில்லையைச் சோதிக்கும்போது சிரியஸ் விண்மீனின் மங்கலான துணையைக் கண்டுபிடித்தார். வில்லையின் விளிம்பையும் குழலின் விளிம்பையும் அந்த வீட்டில் ஒரே கவனத்தோடு பார்த்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு வியப்பில்லை.

வாய்வழி ரைபிள் தன் உச்சத்தில் இருந்த நாளைச் சொல்கிறேன். 1874 செப்டம்பர் 26, நியூயார்க்கை அடுத்த கிரீட்மோர் களம். அயர்லாந்து அணி ரிக்பி வாய்வழி ரைபிள்களோடு வந்தது. ஜான் ரிக்பியே அணியில் ஒருவர். அமெரிக்கர்கள் பின்பக்கம் திறந்து தோட்டா போடும் ரெமிங்டன், ஷார்ப்ஸ் ரைபிள்களோடு நின்றார்கள். 800, 900, 1,000 கஜம். அமெரிக்கா 934, அயர்லாந்து 931. மூன்றே புள்ளி. அயர்லாந்துக்காரர் ஒருவர் நடுவட்டத்தில் அடித்த குண்டு ஒன்று பக்கத்து இலக்கில் விழுந்திருந்தது. சரியான இலக்கில் விழுந்திருந்தால் நான்கு புள்ளி. அன்றோடு வாய்வழி ரைபிளின் காலம் முடிந்தது என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தக் கணக்கு வேறாகத் தெரிகிறது. பின்வாய் ரைபிளைப் பின்பக்கமிருந்தே துடைக்கலாம், வெளிச்சத்தில் குழலுக்குள் எட்டிப் பார்க்கலாம். கண்ணால் பார்க்க வழியின்றி, தொட்டு உணரும் ஒழுங்கை மட்டும் நம்பியவர்கள், அந்த வசதியோடு மோதி மூன்று புள்ளிக்குள் வந்திருக்கிறார்கள்.

வீடு திரும்பியபின் செய்யும் சுத்தத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கரியில் இருப்பது உப்பு. உப்பைக் கரைப்பது தண்ணீர். எண்ணெய் உப்பைக் கரைக்காது, மூடித்தான் வைக்கும். மூடிய உப்பு அடியில் துருவை வளர்க்கும். ஆகவே முதலில் வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு. கொதிநீர் வேண்டாம், சூடேறிய இரும்பில் செந்துரு உடனே பூக்கும். துணி வெள்ளையாக வரும்வரை துடைத்து, நன்றாக உலர்த்தி, பிறகே எண்ணெய். மறுநாள் இன்னொரு துணி விட்டுப் பாருங்கள்; பழுப்பு நிறம் தெரிந்தால் வேலை முடியவில்லை என்று பொருள். தோசைக்கல்லைப் பழக்குவது போலக் குழலையும் எண்ணெய் காய்ச்சிப் பழக்கலாம், பிறகு தண்ணீரே தொடவேண்டாம் என்று சொல்கிறவர்கள் அங்கே நிறைய. நான் ஏற்பதில்லை. தோசைக்கல்லில் நாம் உப்புக் கரியைத் தேய்த்துவிட்டு மாதக்கணக்கில் மூலையில் சாத்தி வைப்பதில்லை.

இந்த எண்ணெயே மறுமுறை சுடும்போது பகையாகும். என் முதல் போட்டிக்கு முந்தைய இரவு, குழலை எண்ணெயில் குளிப்பாட்டி வைத்தேன். துடைக்காமல் மருந்திட்டேன். தீபாவளிப் பொட்டுக் கேப்பின் இனத்தைச் சேர்ந்த செப்புக் கேப்பு டப்பென்று வெடித்தது, மருந்து எரியவில்லை. எண்ணெய் குடித்த மருந்து. அந்தச் சுற்று முழுவதும் குண்டை வெளியே எடுப்பதிலேயே போயிற்று. அன்றிலிருந்து கெட்டிப்பதற்கு முன் உலர்துணி விட்டு எண்ணெயைத் துடைத்து, வெறுங்குழலில் இரண்டு கேப்பு வெடித்து, தீத்துளை உலர்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் நான் மருந்தைத் தொட்டதில்லை.

கடைசியாக, இதோ இந்த உறை. இதில் சுட்ட துணி வில்லைகள் இருக்கின்றன. சுட்டபின் இவை குழலுக்கு முன்னே சில கஜத்தில் விழும். பொறுக்கி வாசிக்கத் தெரிந்தால், குழலுக்குள் நடந்ததை இவை சொல்லும். முதல் துணியைப் பாருங்கள், நடுவில் எரிந்து ஓட்டை. துணி மெலிது, வெடிவாயு குண்டைத் தாண்டிப் போயிருக்கிறது. இரண்டாவதில் விளிம்பைச் சுற்றி நட்சத்திரம் போலக் கீறல். புதுக் குழலின் மேட்டுக் கூர் துணியை அறுத்திருக்கிறது. மூன்றாவது கட்டில் ஐந்து துணிகள், ஒரே நாளில் ஒரே இலக்கில் சுட்டவை. நடுவில் கரிவட்டம், சுற்றிக் காடிகளின் தடம், எங்கும் ஓட்டை இல்லை. வரிசை எண் எழுதிவைக்க மறந்துவிட்டேன். எது முதல் வெடி, எது ஐந்தாவது என்று எனக்கே இப்போது தெரியவில்லை. முன்வரிசையிலிருந்து பின்னால் அனுப்புங்கள். எல்லாரும் தொட்டுப் பார்த்தபின் கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.